மருந்து சென்று சேரும் இடம்

ஒரு மருந்தின் பெருமை அதன் வலிமையில் இருக்கிறதா, அது சென்று சேரும் இடத்தில் இருக்கிறதா? இவ்வினாவை முன்வைத்து இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

டாக்ஸோரூபிசின் என்னும் மருந்தை எடுத்துக்கொள்வோம். புற்றுநோய் உயிரணுக்களை அது அழிக்க வல்லது. ஆயினும் இரத்தத்தோடு உடலெங்கும் பரவுவதால் இதயத்தையும் அது தாக்குகிறது. ஆகவே ஒருவர் தம் வாழ்நாளில் பெறத்தக்க அளவுக்கு மருத்துவர்கள் எல்லை வகுத்துள்ளனர். நோய் எஞ்சியிருக்கும்போதே மருந்தை நிறுத்த வேண்டிய இக்கட்டும் நேர்வதுண்டு.

இதற்கு வழி யாது? 1960-களில் இங்கிலாந்தில் அலெக் பேங்ஹம் என்னும் அறிஞர், சில கொழுப்புப் பொருள்கள் நீரில் தாமே நுண்குமிழ்களாக மூடிக்கொள்வதைக் கண்டார். இவற்றை லைபோசோம் என்பர். இக்குமிழினுள் மருந்தை அடைத்து அனுப்பலாம் என்பதே பின்வந்தோர் கண்ட உபாயம்.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறுகளாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர் ஆகும். மருந்துக் குமிழின் குறுக்களவு ஏறத்தாழ 100 நானோமீட்டர். இந்த அளவுக்குக் காரணம் உண்டு. நலமான இரத்தக் குழாயின் சுவர் நெருக்கமானது. புற்றுக்கட்டியில் அவசரமாக முளைத்த குழாய்களிலோ இடைவெளிகள் மிகுதி. அவற்றின் வழியே குமிழ்கள் கசிந்து கட்டியில் தங்குகின்றன. இவ்வியல்பை 1986-இல் ஜப்பானிய அறிஞர்கள் மட்சுமுராவும் மாயெடாவும் எடுத்துரைத்தனர். துகள் மிகச் சிறிதானால் சிறுநீரகம் வடித்துவிடும். பெரிதானால் மண்ணீரல் பிடித்துக்கொள்ளும். 1995-இல் டாக்ஸில் என்னும் குமிழ் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதயத்துக்கு நேரும் தீங்கு குறைந்தது. ஆனால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் புண் உண்டாதல் இம்மருந்தின் குறை.

நோயைப் படம்பிடித்துக் காட்டவும் நுண்துகள்கள் உதவுகின்றன. இரும்பு ஆக்ஸைடுத் துகள்களைக் கல்லீரலிலுள்ள காவல் உயிரணுக்கள் விழுங்கும், எம்.ஆர்.ஐ. படத்தில் அப்பகுதி கருமையாகத் தோன்றும். புற்றுக்கட்டியில் அக்காவலர் பெரும்பாலும் இன்மையால், அது மட்டும் வெளிறித் தெரியும்.

இனி, வெற்றி முழுமையா என்று கேட்பீர்கள். 2016-இல் டொரான்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் விலங்குகளிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தனர். செலுத்திய துகள்களில் கட்டியை அடைந்தவை, இடைநிலை அளவாக, நூற்றுக்கு 0.7 பங்கே! அஃதாவது ஆயிரத்தில் ஏழு. மனிதரிடமோ குழாய்க் கசிவு ஆளுக்கு ஆள், கட்டிக்குக் கட்டி வேறுபடுகிறது.

ஆகவே, மருந்தை நோயின் வாயிலுக்கே கொண்டு சேர்த்துவிட்டோம் என்று சொல்வது மிகை. மற்ற உறுப்புகளைச் சற்றே காத்துக்கொண்டோம் என்பதே உண்மை. நோயாளிக்கு அதுவும் சிறிய பேறு அன்று.

ஆசிரியனாக இருந்த காலத்தில் பெரும்பாலும் விடை அறிந்த வினாக்களையே நான் கேட்டு வந்தேன். இன்று கேட்பது அத்தகையது அன்று. அந்த ஏழை எழுபதாக்குவது எங்ஙனம்? சிந்தியுங்கள்.