பனியில் பழகிய பாதங்கள்

பதின்மூன்று வயதுப் பெண்ணை, விளக்கு வைத்த பிறகு தெருமுனைக் கடைக்கு அனுப்புவதென்றால் வீட்டில் ஒரு சிறு மாநாடே கூடிவிடும். "தம்பியையும் கூட அழைத்துக்கொண்டு போ" என்று பாட்டி தீர்மானம் நிறைவேற்றுவாள். அந்த வயதுப் பெண் ஒருத்தி எவரெஸ்ட் சிகரத்துக்குப் போய் வந்தாள் என்றால் பாட்டி என்ன சொல்லுவாள்?

போய் வந்தது உண்மை. 2014-ம் ஆண்டு மே மாதம் 25-ந் தேதி மாலாவத் பூர்ணா அந்தச் சிகரத்தில் கால் வைத்தாள். அன்று அவளுக்கு வயது பதின்மூன்று ஆண்டும் பதினோரு மாதமும். அவளுடன் ஏறியவன் ஆனந்தகுமார். அவனும் பள்ளி மாணவன்தான். பூர்ணா நிஜாமாபாத் மாவட்டத்துப் பாகாலா கிராமத்தில் விவசாயக் கூலிகளின் மகள். ஆனந்தகுமார் கம்மம் மாவட்டத்தைச் சேர்ந்தவன். தந்தைக்குச் சைக்கிள் பழுதுபார்க்கும் தொழில். இருவரும் அரசாங்கத்தின் சமூகநல உறைவிடப் பள்ளிகளில் படித்தவர்கள்.

இவர்கள் எப்படித் தயாரானார்கள் என்பதுதான் கதையில் சுவையான பகுதி.

அப்பள்ளிகளின் செயலாளராக இருந்தவர் பிரவீண்குமார் என்ற போலீஸ் அதிகாரி. ஏழைக் குழந்தைகளுக்கு முதலில் வேண்டியது "நம்மாலும் முடியும்" என்ற நினைப்பு என்பது அவர் கொள்கை. ஹைதராபாத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில் புவனகிரி என்ற ஊர். அங்கே கோட்டையைத் தலையில் சுமந்துகொண்டு ஒரே கல்லாக நிற்கிறது ஒரு குன்று. நூறு பேருக்கு மேற்பட்ட பிள்ளைகள் அங்கேதான் கயிறு கட்டிப் பாறை ஏறப் பழகினார்கள். 2007-ல் எவரெஸ்ட் ஏறிய சேகர்பாபு அவர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

அவர்களில் இருபது பேர் டார்ஜிலிங் போனார்கள். டென்சிங்கும் ஹிலாரியும் 1953-ல் எவரெஸ்டை வென்ற மறு வருஷம் அங்கே நிறுவப்பட்ட மலையேற்றப் பயிற்சிக் கழகத்தில்தான் பனியோடு அவர்களுக்கு முதல் சிநேகம் ஏற்பட்டது. வெயிலில் வளர்ந்த பிள்ளைகள் அல்லவா! பனி என்பது அவர்களுக்குப் பாடப் புத்தகத்துப் படம்தான். இப்போதோ பூட்ஸின் அடியில் இரும்பு முட்களைக் கட்டிக்கொண்டு, கையில் பனிக்கோடரியோடு நடக்க வேண்டும். வழுக்கி விழுந்தால் கோடரியைப் பனியில் பாய்ச்சி உடலை நிறுத்திக்கொள்ள வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றே விழுந்து விழுந்து பழகுவார்களாம்!

அடுத்த வடிகட்டலில் மிஞ்சியவர்கள் ஒன்பது பேர். அவர்கள் குளிர்காலத்து லடாக்கிற்கு அனுப்பப்பட்டார்கள். இரவில் உறைநிலைக்குக் கீழே 20, 30 டிகிரி என்று இறங்கும் பிரதேசம் அது. குடிக்கத் தண்ணீர் வேண்டுமானால் பனியை அள்ளி அடுப்பில் உருக்க வேண்டும். வியர்க்கும்படி வேகமாக நடக்கவும் கூடாது; ஈர உடை குளிரில் ஆளையே விறைக்க வைத்துவிடும்.

காற்றின் விஷயம் இன்னும் பொல்லாதது. எவரெஸ்டின் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான். அவசரப்பட்டு ஏறினால் தலைவலி, வாந்தி, மயக்கம். சில சமயம் உயிருக்கே ஆபத்து. ஆகவே பகலில் உயர ஏறுவது, இரவில் கீழே இறங்கித் தூங்குவது என்று உடம்பைச் சிறிது சிறிதாகப் பழக்குகிறார்கள். இதில் வீரம் செல்லாது, பொறுமைதான் செல்லும். ஒரே கயிற்றில் பிணைந்து நடக்கும்போது எல்லாரிலும் மெதுவாக நடப்பவனின் வேகந்தான் குழுவின் வேகம். தலைவலியை மறைத்துச் சிரிக்கிறவன் தனக்கு மட்டுமல்ல, கயிற்றில் உள்ள மற்றவர்களுக்கும் துரோகம் செய்கிறான்.

கடைசியில் இரண்டே பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். பதினாறு வயது நிரம்பாதவர்களுக்கு நேபாள அரசு எவரெஸ்ட் ஏற அனுமதி தருவதில்லை. எனவே திபெத்தின் பக்கமாக, வடக்கு வழியில் புறப்பட்டார்கள். அந்தச் சமயத்தில்தான், ஏப்ரல் 18-ந் தேதி, நேபாளப் பக்கத்தில் பனிப்பாளங்கள் சரிந்து பதினாறு மலைத் தொழிலாளர்கள் மாண்டார்கள். மறு பக்கத்தில் நம் பிள்ளைகள்! செய்தி கேட்ட பெரியவர்களின் மனம் எப்படித் துடித்திருக்கும்? முன்பு ஏறி மாண்டவர்களின் உடல்களை வழியில் கண்டதாகப் பூர்ணாவே பின்னர் சொல்லியிருக்கிறாள்.

இப்படிப்பட்ட இடத்துக்குக் குழந்தையை அனுப்பலாமா? நியாயமான கேள்விதான். நேபாளத்தின் சட்டம் வெறும் பிடிவாதம் அல்ல. வளரும் உடம்பை அந்த உயரம் என்ன செய்யும் என்ற கவலை அதில் இருக்கிறது. எத்தனை பயிற்சி பெற்றாலும் சரிகிற பனிக்குச் சிறியவர், பெரியவர் என்ற வித்தியாசம் தெரியாது. ஆனால், அந்த இருவரும் ஆசை ஒன்றை மட்டும் நம்பிப் போகவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. மாதக்கணக்கில் பாறையிலும் பனியிலும் விழுந்து எழுந்து, எப்போது திரும்ப வேண்டும் என்பதையும் கற்றுக்கொண்டுதான் போனார்கள். அந்தப் பயிற்சி இல்லாவிட்டால் அது சாகசம் அல்ல, சூதாட்டம்.

பூர்ணா அதோடு நிற்கவில்லை. ஏழு கண்டங்களின் மிக உயர்ந்த சிகரங்களையும் ஒவ்வொன்றாக ஏறி, 2022 ஜூன் மாதம் அலாஸ்காவின் டெனாலியில் அந்த வரிசையை முடித்தார்.

பத்திரிகைகளில் படம் வந்தது இருவருக்குத்தான். லடாக் வரையில் போய்த் திரும்பிய மற்ற ஏழு பேரையும், புவனகிரிப் பாறையோடு நின்றுவிட்ட பிள்ளைகளையும் எத்தனை பேர் நினைக்கிறோம்? கயிற்றின் மறு முனையை அவர்கள் பிடித்துக்கொண்டிருந்ததால்தானே இவர்கள் ஏறக் கற்றார்கள்! எவரெஸ்டைப் பார்க்காவிட்டால் என்ன? தோழனின் உயிர் தன் கையில் இருக்கிறது என்ற பாடம் அவர்கள் எல்லாருக்குமே கிடைத்துவிட்டது. சமவெளியில் வாழ்வதற்கும் அது வேண்டிய பாடந்தான்.