வீட்டினுள் மருள் வளர்த்தல்

வயலில் நீர் வற்றினால் நெற்பயிர் வாடும். பாத்தியில் ஈரம் குறைந்தால் கத்தரியும் மிளகாயும் தலை சாயும். ஆகவே சோர்ந்த இலையைக் கண்டவுடன் நீர் வார்ப்பது கமக்காரருக்குக் கைவந்த பழக்கமாகும். வயலிலும் தோட்டத்திலும் பயன் தரும் இப்பழக்கமே, விறாந்தையிலும் அறையிலும் சாடியில் வைக்கப்படும் மருட் செடிக்குப் பெருங்கேடாய் முடிகின்றது. வீட்டினுள் வளர்க்கப்படும் மருள் பெரும்பாலும் நீரின்மையால் இறப்பதில்லை. நீர் மிகுதியாலேயே இறக்கின்றது.

செடியின் இயல்பு

மருள் இனமொன்று இலங்கையின் உலர்வலயத்தில் தானாகவே வளர்கின்றது. அதன் இலையிலிருந்து எடுக்கப்பட்ட உறுதியான நார் முற்காலத்திற் கயிறு திரிக்கவும் வில்லுக்கு நாண் அமைக்கவும் பயன்பட்டது. இன்று அழகுக்காக வீடுகளில் வைக்கப்படுவதும், இலையின் வரிகளை நோக்கிப் பாம்புச் செடி எனப்படுவதும் மேற்கு ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மற்றோரினமாகும். இரண்டும் தடித்த இலைகளிலும் நிலத்தின் கீழுள்ள கிழங்கிலும் நீரைச் சேமித்து வைப்பன.

பெரும்பாலான செடிகள் பகலில் இலைவாய்களைத் திறக்கின்றன. மருளோ வெப்பம் தணிந்த இரவிலேயே அவற்றைத் திறந்து காபனீரொட்சைட்டை உள்ளிழுக்கின்றது. இதனால் இலை வழியே வெளியேறும் நீர் மிகக் குறைவாகும். செலவு சிறிதாயிருக்க வரவு பெரிதானால், எஞ்சிய நீர் சாடியிலேயே தங்கி, மண்ணிற் காற்றோட்டத்தைத் தடுத்து, கிழங்கை அழுகச் செய்யும்.

சாடியும் மண்ணும்

அடியில் துவாரமுள்ள மட்சாடியே சிறந்தது. அதன் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும். சாடி கிழங்கின் அளவிலும் இரண்டு அங்குலம் அகன்றிருந்தாற் போதும். பெரிய சாடியில் வேர் எட்டாத மண் நெடுநாள் ஈரமாகவே இருக்கும். தோட்ட மண் ஒரு பங்கு, பருமணல் இரண்டு பங்கு, நன்கு மக்கிய கூட்டெரு ஒரு பங்கு எனக் கலந்து இடுதல் நன்று. வயற் களிமண்ணை ஒருபோதும் இடலாகாது.

நீர் வார்த்தல்

நாட்கணக்கு வைத்து நீர் வார்த்தல் தவறு. விரலை இரண்டு அங்குல ஆழத்திற்கு மண்ணிற் செலுத்திப் பார்த்து, ஈரம் சிறிதும் இல்லாதபோது மாத்திரம் நீர் வார்த்தல் வேண்டும். அறையினுள் இது பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு ஒரு முறையாக அமையும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் இடைவெளி மேலும் நீளும். அடித்துவாரத்தால் வடியும்வரை வார்த்து, பின்னர் நிறுத்திவிட வேண்டும். இலைகளின் நடுவில் நீர் தேங்க விடலாகாது.

சாடியின் கீழ் வைக்கும் தட்டிலும் நீர் நிற்கலாகாது. அந்நீர் கிழங்கை அழுகச் செய்வதோடு, டெங்கு நுளம்பு முட்டையிடுவதற்கும் இடமாகும். 2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 1,80,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவாயினர் என்பதை நினைவிற் கொண்டு, தட்டில் வடிந்த நீரை உடனே ஊற்றிவிடுதல் வேண்டும்.

ஒளியும் பசளையும்

சன்னலருகே நேர் வெயில் படாத வெளிச்சமான இடம் ஏற்றது. மங்கலான இடத்திலும் செடி பிழைக்கும். ஆயினும் வளர்ச்சி குன்றி நிறமும் மங்கும். நுவரெலியா போன்ற குளிர்ப் பகுதிகளில் இரவுக் குளிர் 10 பாகை செல்சியசிற்குக் கீழ் இறங்குமாயின், சன்னலோரத்தினின்றும் செடியை அகற்றுதல் நன்று. நெல்லுக்கு இடும் யூரியாவை இதற்கு இடலாகாது. தழைச்சத்து மிகுந்தால் இலைகள் மெலிந்து சாயும். நான்கு மாதங்களுக்கு ஒரு முறை ஒரு பிடி கூட்டெரு போதுமானது.

நோயறிதல்

இலை சுருங்கி வரிவரியாக மடிந்தால் அது நீர்க்குறைவின் அறிகுறி. இலை மஞ்சளாகி, அடி மென்மையுற்று, நாற்றம் வீசிச் சாயுமாயின் அது கிழங்கழுகலாகும். முன்னையதற்கு நீர் வார்த்தாற் போதும். பின்னையதற்கு நீர் வார்ப்பது எரியும் நெருப்புக்கு நெய் வார்ப்பதை ஒக்கும். அத்தகைய செடியைப் பிடுங்கி, அழுகிய பகுதியைத் தூய கத்தியால் முற்றாக வெட்டி நீக்கி, நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்திப் புதிய கலவையில் நட வேண்டும். ஒரு வாரம்வரை நீர் வார்க்கலாகாது.

இனப்பெருக்கம்

இலையை மூன்று அங்குலத் துண்டுகளாக வெட்டி, வெட்டுவாய் உலர்ந்தபின் ஈரமணலில் நட்டால் வேர்விடும். துண்டின் கீழ்ப்புறமே மண்ணுள் இருத்தல் வேண்டும். தலைகீழாக நட்டது முளைக்காது. ஆயினும் இலையோரத்தில் மஞ்சட் கரையுள்ள வகையை இம்முறையிற் பெருக்கினால், தோன்றும் கன்றுகள் கரையின்றிப் பச்சையாகவே இருக்கும். விற்பனைக்காகக் கன்று வளர்ப்போர் இதனை அறியாது மஞ்சட் கரை எனச் சொல்லி விற்பின், வாங்கியவரின் நம்பிக்கையை இழப்பர். அவ்வகையைக் கிழங்கு பிரித்தே பெருக்குதல் வேண்டும்.

இரு எச்சரிக்கைகள்

மருள் இலையிலுள்ள சபோனின் எனும் பொருள், மென்று விழுங்கினால் வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாக்கும். குழந்தை, நாய், பூனை ஆகியவற்றுக்கு எட்டாத இடத்தில் செடியை வைத்தல் வேண்டும்.

இச்செடி அறைக்காற்றைச் சுத்திகரிக்கும் என்று கூறி அதிக விலை கேட்பாரும் உளர். 1989 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நாசா நிறுவனம் வெளியிட்ட ஆய்வு, மூடிய சிறு கூண்டுகளில் நிகழ்த்தப்பட்டதாகும். காற்று வந்து போகும் வீட்டில் சில சாடிகளால் குறிப்பிடத்தக்க பயன் இல்லையென 2019 ஆம் ஆண்டில் வெளியான மீளாய்வு காட்டியுள்ளது. அறைக்குத் தூய காற்று வேண்டின் சன்னலைத் திறந்து வைப்பதே வழி. மருளை அதன் அழகுக்காகவும், குறைந்த உழைப்பில் நெடுங்காலம் நிலைக்கும் இயல்புக்காகவும் வளர்க்கலாம்.