பதிவேட்டில் இல்லாதவர்கள்

பகல் பதினொரு மணிக்கு எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கணக்கெடுக்கப் போனால், அந்த ஊரில் கிழவிகளும் கைக்குழந்தைகளும் நாய்களும் மட்டும்தான் குடியிருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு வர வேண்டியிருக்கும். எங்கள் பக்கம் என்றால் விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் காடு, சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவே. காலை ஏழு மணிக்கெல்லாம் தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். திரும்பி வர இருட்டிவிடும். ஆண்களில் பாதிப் பேர் பட்டாசு வேலைக்கு, மீதிப் பேர் கட்டட வேலைக்கு. கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்து, பகுதி சுகாதார செவிலியராகி, கடைசியில் சமுதாய சுகாதார செவிலியராக ஓய்வு பெற்றவள் நான். ஒரு ஊருக்கு உடம்பு விஷயத்தில் என்ன தேவை என்று தெரிய வேண்டுமானால், பதிவேட்டில் யார் பெயர் இல்லை என்று தேட வேண்டும். சர்வீஸ் முழுக்க இதைச் சொல்லி அலுக்காதவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் விடுவதாக இல்லை.

மக்களுக்கு எங்களை ஊசி போடுகிற நர்சம்மாவாகத்தான் தெரியும். தமிழ்நாட்டில் 8,700-க்கும் மேற்பட்ட துணை சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. அதில் இருக்கும் செவிலியர் புதன்கிழமை தடுப்பூசி போடுவது எல்லோருக்கும் தெரியும். அந்த ஊசி எத்தனை பிள்ளைகளுக்கு வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி எழுதுகிற கணக்கிலிருந்து. எத்தனை பேர், யாருக்கு எப்போது கல்யாணம் ஆனது, எத்தனை பிள்ளை, கடைசிப் பிள்ளைக்கு என்ன வயது, கழிப்பறை இருக்கிறதா, குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது, இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர் யாராவது உண்டா, உணர்ச்சியில்லாத தேமல் உண்டா, முப்பது வயது தாண்டியவர்கள் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பார்த்திருக்கிறார்களா என்று நீண்டுகொண்டே போகும். பாதிக் கேள்வி முடிவதற்குள் வீட்டுக்காரம்மா அடுப்பில் வைத்ததைப் பார்க்க எழுந்துவிடுவார்.

எழுதி முடித்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். நான் அதற்குப் பிறகு ஒரு கணக்குப் போடச் சொல்வேன். 2020 கணக்குப்படி தமிழகத்தில் ஆயிரம் பேருக்கு வருஷத்துக்குச் சுமார் 14 பிறப்பு. ஐயாயிரம் பேருக்கு 70 ஆகிறது. கருக்கலைவது, இறந்து பிறப்பது என்று பத்து சதவீதம் சேர்த்தால் 77 கர்ப்பிணிகள் அந்த வருஷம் பதிவேட்டில் வந்தாக வேண்டும். வயதானவர்கள் நிறைந்த ஊரானால் கொஞ்சம் குறையும், இளம் தம்பதிகள் அதிகமுள்ள ஊரானால் கூடும். இப்போது பதிவேட்டை எண்ணிப் பாருங்கள். அறுபது பெயர் இருந்தால் மிச்சம் பதினேழு பேர் எங்கே?

இந்தப் பதினேழு பேரைத் தேடிப் போகிறபோதுதான் ஊர் தெரிய ஆரம்பிக்கும். நேராக மதுரைத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனவர் இருப்பார். அவரைப் பற்றிக் கவலை குறைவு. செங்கல் சூளையில் ஆறு மாதம் தங்கிவிட்டுப் போகிற வெளியூர்க் குடும்பத்துப் பெண் இருப்பாள். எந்த ஊர் நர்ஸும் அவளைத் தன் ஆள் என்று நினைப்பதில்லை. ‘மூணாவது’ என்று சொல்ல வெட்கப்பட்டு முந்தானையால் வயிற்றை மறைத்துக்கொள்கிறவள் இருப்பாள். பதினெட்டு ஆவதற்குள் கட்டிக்கொடுத்துவிட்டு, வழக்கு வந்துவிடுமோ என்று வீட்டார் பூட்டி வைத்திருக்கிற பெண்ணும் இருப்பாள். ரத்தம் குறைவாகவும், பிரஷர் அதிகமாகவும், ஆஸ்பத்திரிக்குக் கடைசி நிமிஷத்திலும் வருகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். ஒழுங்காக மாதாமாதம் வருகிற அறுபது பேருக்கு நாம் செய்வது நல்ல வேலைதான், ஆனால் அவர்கள் நம்மைத் தேடி வரத் தெரிந்தவர்கள்.

தாய் வீட்டுச் சங்கதி தனி. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். வளைகாப்பு முடிந்ததும் பெண் கிளம்பிவிடுவாள். புகுந்த ஊர் நர்ஸ் ‘ஊருக்குப் போயாச்சு’ என்று எழுதுவார். பிறந்த ஊர் நர்ஸ் ‘நம்ம பதிவு இல்ல’ என்று இருந்துவிடுவார். ஏழாம் மாதத்துக்கும் ஒன்பதாம் மாதத்துக்கும் நடுவே, மிகவும் கவனிக்க வேண்டிய நேரத்தில், அந்தப் பெண் இரண்டு ஊருக்கும் இல்லாதவளாகிவிடுவாள். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 12 இலக்க ஆர்.சி.எச். எண் வந்த பிறகு கணினியில் இரு பக்கமும் தெரிகிறது. இருந்தாலும் ‘அக்கா, உங்க ஊருக்கு ஒரு பிள்ளை வருது, பிரஷர் இருக்கு, பாத்துக்கோங்க’ என்று ஒரு போன் போட்டுவிடுகிற நர்ஸைத்தான் நான் கெட்டிக்காரி என்பேன்.

முன்பு எங்களுக்கு இப்படித் தேடவெல்லாம் நேரம் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஊருக்கு என்ன தேவை என்று மேலேயே முடிவு செய்து எண்ணாக அனுப்பிவிடுவார்கள். கருத்தடை அறுவை சிகிச்சை இத்தனை, காப்பர்-டி இத்தனை. மார்ச் மாதம் வந்தால் ‘கேஸ் பிடிக்க’ அலைவோம். எங்களைக் கண்டாலே சில வீடுகளில் கதவைச் சாத்துவார்கள். 1996 ஏப்ரலில் மத்திய அரசு அந்த இலக்குகளை நாடு முழுவதும் எடுத்தது. அடுத்த வருஷமே அந்த இலக்கில்லா முறைக்குச் சமுதாயத் தேவையை மதிப்பிடும் முறை என்று பெயர் வைத்தார்கள். கீழே வீடு வீடாகக் கேட்டு, துணை நிலையத்தில் திட்டம் போட்டு, அதை மேலே அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. காகிதத்தில் அருமையான மாற்றம். நடைமுறையில், எதிர்பார்க்கும் சாதனை அளவு என்று வேறு பெயரில் எண் திரும்பவும் மேலிருந்து இறங்கியது. திட்டம் எழுதச் சொன்னபோது போன வருஷ எண்ணோடு பத்தைக் கூட்டி எழுதியவர்களை எனக்குத் தெரியும். அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நாற்பது பதிவேட்டையும் நாலு கூட்டத்தையும் தலையில் கட்டிவிட்டு, ஊரைக் கேட்டு எழுது என்றால் எப்போது கேட்பது?

வராதவரைத் தேடுவது எப்படி என்று எங்களுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்தது போலியோ சொட்டு மருந்து. ஞாயிற்றுக்கிழமை முகாம் முடிந்ததும் வீடு வீடாகப் போய்ச் சுவரில் சாக்பீஸால் எழுதுவோம். எல்லாப் பிள்ளைக்கும் கொடுத்தாயிற்று என்றால் ‘பி’. ஒரு பிள்ளை விட்டுப்போயிருந்தாலும் பெருக்கல் குறி. மறுநாள் பெருக்கல் குறி போட்ட வீட்டுக்கு மட்டும் போக வேண்டும், அது மாறும் வரை போக வேண்டும். செங்கல் சூளை, கட்டட வேலை நடக்கிற இடம், நாடோடிகள் கூடாரம் என்று தனிப் பட்டியல் வேறு. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் வந்ததுதான் நாட்டில் இயற்கை வைரஸால் வந்த கடைசி போலியோ. 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று கிடைத்தது. இதே பெருக்கல் குறியை ரத்தக் கொதிப்புக்கும் ரத்தசோகைக்கும் நாம் போடுவதில்லை என்பது என் நீண்ட நாள் ஆதங்கம்.

ரத்தசோகையைச் சொன்னால் தீப்பெட்டி ஆபீஸ் பெண்களைச் சொல்லியாக வேண்டும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுக்குள் உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கர்ப்பிணிகளைத்தான் நாம் ரத்தப் பரிசோதனைக்கு அழைக்கிறோம். பிள்ளை பெற்று முடித்த, குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட, முப்பத்தைந்து வயதுப் பெண்ணை யாரும் அழைப்பதில்லை. அவள்தான் வேனில் போகிறவள். அவளைப் பிடிக்க வேண்டுமானால் நேரத்தை மாற்ற வேண்டும். விடியற்காலை குழாயடி, வேன் நிற்கிற இடம், ஞாயிறு மத்தியானம். இவை மூன்றும்தான் என் ஓ.பி.

கீழ் இமையை இழுத்துப் பார்த்தாலே பலருக்கு வெளுத்திருக்கும். நின்று நிதானமாகப் பேசியதில் தெரிந்தது வேறு ஒன்று. பேசிய பெண்களில் நிறையப் பேருக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி. நான் வழக்கம்போல, “தண்ணி நிறையக் குடிக்கணும்மா” என்றேன். ஒரு பெண் சிரித்தாள். “குடிச்சா எந்திரிச்சுப் போகணும்லக்கா. போனா பெட்டி குறையும். போனாலும் அங்க கதவு கிடையாது.”

பெட்டிக் கணக்கில் கூலி. எழுந்து போகிற நேரத்துக்குக் காசு இல்லை. அதனால் காலையில் ஒரு டம்ளர் டீயோடு கிளம்பி, கரிசல் வெயிலில் தகர ஷெட்டுக்குள் சாயங்காலம் வரை தொண்டையை நனைக்காமல் இருந்துவிடுகிறார்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் வெறும் வயிற்றில் போட்டு, குமட்டி, தூக்கிப் போடுகிறார்கள். அல்லது டீயோடு போடுகிறார்கள். டீ அந்த இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. ‘ரத்தசோகை, மாத்திரை கொடுக்கப்பட்டது’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டால் எங்கள் பக்கம் சுத்தம். அவர்களுக்கு உண்மையில் வேண்டியது கதவுள்ள கழிப்பறை, அதில் தண்ணீர், மாத்திரையை ராத்திரிச் சோற்றுக்குப் பின் போடச் சொல்ல ஒரு ஆள், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் திறந்திருக்கிற ஒரு ஆஸ்பத்திரி. இதில் மூன்றாவதுதான் என் கையில் இருந்தது.

சுகாதார ஆய்வாளரோடு சேர்ந்து சில ஆபீஸ்களுக்குப் போனோம். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்று அப்போது நடப்பில் இருந்த 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 19-வது பிரிவே சொன்னது. நான் அதைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன், நர்சம்மா சொன்னால் யார் கேட்பார்கள் என்ற சந்தேகத்தில். சில முதலாளிகள் கதவு போட்டு, தொட்டியில் தண்ணீர் நிரப்பினார்கள். சிலர் காப்பி கொடுத்து அனுப்பினார்கள். பின்னாளில் தொழிலாளர்களைத் தேடி மருத்துவம் என்று வேலையிடத்துக்கே பரிசோதனை போக ஆரம்பித்தது. தாமதமானாலும் சரியான யோசனை.

ஊர்க் கூட்டம் போட்டு ‘உங்களுக்கு என்ன தேவை’ என்று கேட்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்தால் முன்வரிசையில் வேட்டி கட்டியவர்கள் பேசுவார்கள். சாக்கடை, கொசு, தெருநாய். எல்லாம் நியாயமான குறைகள்தான். பெண்களைத் தனியாக உட்கார வைத்தால் முதல் வார்த்தை மதுக்கடை. மருமகள்களை மாமியார்களிடமிருந்து பிரித்து உட்கார வைத்தால்தான் வெள்ளைப்படுதலும் பிள்ளை தள்ளிப்போட வழியும் பேச்சில் வரும். காலனியில் கேட்க வேண்டுமானால் காலனிக்குள் போய்த்தான் கேட்க வேண்டும். ஊர் மந்தையில் கூட்டம் என்றால் அவர்கள் வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போய்விடுவார்கள்.

கோலப்பொடியால் தரையில் ஊரை வரையச் சொல்வதுண்டு. கோவில், கடை, அங்கன்வாடி, மேல்நிலைத் தொட்டி, எல்லாவற்றையும் பெண்கள் நொடியில் போட்டுவிடுவார்கள். பிறகு குழாய்த் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற வீடு எது என்று கேட்க வேண்டும். கை நேராக ஓர் இடத்துக்குப் போகும். தொட்டியில் குளோரின் போட்டாலும், அந்தக் கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். தொட்டிக்குக் கீழே நின்று சோதித்துவிட்டு ‘சரியாக இருக்கிறது’ என்று எழுதுவது எங்கள் துறையின் பழைய வியாதி. வயிற்றுப்போக்கு வருகிற வீடுகள் எங்கே என்று அடுத்துக் கேட்டால் கை மறுபடி அந்தப் பக்கமே போகும்.

இப்படி ஊரை அறிய ஊரோடு இருக்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் லிலியன் வால்ட் என்ற அமெரிக்க நர்ஸைப் பற்றிப் படித்தோம். 1893 வாக்கில் நியூயார்க்கில், பிழைக்க வந்தவர்கள் நெருக்கிக்கொண்டு வாழ்ந்த பகுதியிலேயே குடியேறி வேலை செய்தவர். இங்கே துணை நிலையக் குடியிருப்பு பல ஊரில் ஒழுகுகிறது, பிள்ளைகளின் படிப்புக்காக நர்ஸ் டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறார். அவர்மேல் கோபப்படுவதில் அர்த்தமில்லை. ஆனால் சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கிற நர்ஸுக்கு, ஏழு மணிக்கு வேனிலிருந்து இறங்குகிற பெண்ணைத் தெரியாமலே போகும்.

ரத்தக் கொதிப்பையும் அந்தக் கர்ப்பிணிக் கணக்கைப் போலவே பாருங்கள். 2020-ல் தமிழகத்தில் நடந்த ஆய்வில் பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. அவர்களில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம்தான். அதற்கு அடுத்த வருஷம், 2021 ஆகஸ்ட் 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. மாத்திரை வீடு தேடிப் போகிறது, நல்லது. உங்கள் துணை நிலையத்தில் பெரியவர்கள் 3,000 பேர் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் பேருக்காவது ரத்தக் கொதிப்பு இருக்க வேண்டும். பட்டியலில் நானூறு பெயர் இருந்தால், அறுநூறு பேர் தெரியாமலே நடமாடுகிறார்கள் என்று பொருள். அதில் பெரும்பகுதி, பகலில் வீட்டில் இல்லாத நாற்பது வயது ஆண்களாகத்தான் இருப்பார்கள்.

படிக்கிற உங்களுக்கு இரண்டு வேண்டுகோள். ஏப்ரலில் நர்ஸ் நோட்டோடு வந்தால், வீட்டில் இல்லாதவர்களைப் பற்றியும் சொல்லுங்கள். வேலைக்குப் போன மருமகள், வெளியூரிலிருந்து வந்து பின்கட்டில் தங்கியிருக்கும் குடும்பம், ‘அவருக்கு ஒண்ணுமில்ல’ என்று நீங்கள் நினைக்கிற கணவர், எல்லோரையும். இன்னொன்று, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. வரவு செலவு வாசித்து முடித்ததும் எழுந்து, “நம்ம ஊர்ல எத்தனை பேருக்கு பிரஷர் பாத்திருக்கு, எத்தனை பேருக்கு இன்னும் பாக்கல?” என்று கேளுங்கள்.