எரியாத மோட்டாரும் பத்து லட்சமும்

மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர்களுக்கு வழிவிட்டு, டீக்கடை பெஞ்சில் ஒதுங்கினேன். பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் இளைஞர். கையெல்லாம் வார்னிஷ்.

"மோட்டார் எரியறதுக்கு முன்னாடியே ஆஃப் பண்ணி, செல்போனுக்கு மெசேஜ் அனுப்புற பெட்டி செஞ்சிருக்கேன் சார்."

"ஒரு ஃபேஸ் போனா நிறுத்துற ரிலேதான் கடையிலேயே கிடைக்குதே?"

"அது ஃபேஸை மட்டும்தான் பார்க்கும். பேரிங் தேஞ்சு இழுக்கறது, கிணறு வத்தி வெறும ஓடறது... எல்லாத்தையும் கரண்ட் ஏறி இறங்கறதை வச்சே இது சொல்லிடும்."

"ஜெயிச்சா உங்க கடைக்கு வேலை இருக்காதே?"

"அதான் சார் எங்க ஓனரும் கேக்குறாரு!"

பெட்டி இப்போதைக்கு ஒரு மரப்பலகையில் நிற்கிறது. ஒழுங்காகப் பத்து செய்து, பத்துக் கிணற்றில் மாட்டிப் பார்க்க வேண்டும். யார் காசு கொடுப்பார்கள்? பேங்க் ஜாமீன் கேட்கும். முதலீட்டாளர் ஓடுகிற வியாபாரத்தைக் காட்டு என்பார். மாமனாரைக் கேட்கலாமென்றால்... இவருக்குக் கல்யாணமே ஆகவில்லை!

இந்த இடைவெளிக்காகவே அமெரிக்காவில் 1982-ல் சட்டம் போட்டார்கள். பெரிய ஆராய்ச்சி பட்ஜெட் உள்ள அரசுத் துறைகள், அதில் ஒரு துளியைச் சின்னக் கம்பெனிகளுக்கென்றே ஒதுக்க வேண்டும். முதல் தவணை, யோசனை வேலை செய்யுமா என்று பார்க்க. தேறினால், செய்து காட்ட இரண்டாவது, பெரிய தவணை. அப்புறம் சந்தை பார்த்துக்கொள்ளும். கடனல்ல, கம்பெனியில் பங்கும் கேட்பதில்லை. செல்போன் சிப் செய்யும் குவால்காம், சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்தப் பாலைக் குடித்ததுதான்.

நம்மூரிலும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த இரண்டு பையன்கள் தொடங்கிய ஏத்தருக்கு 2014-ல் கிடைத்த 45 லட்ச ரூபாய் ஆரம்பப் பணத்தில், மத்திய அரசின் தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியமும் கை கொடுத்தது. 2018-ல் அவர்களுடைய பேட்டரி ஸ்கூட்டர் ரோட்டுக்கு வந்தது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 'நிதி-பிரயாஸ்' திட்டத்திலோ, மாதிரி செய்து பார்க்கவே பத்து லட்சம் வரை மானியம்.

"பத்து லட்சமா!" டீ கிளாஸ் பெஞ்சில் இறங்கியது. உடனே முகமும் இறங்கியது. "இங்கிலீஷ்ல எழுதணுமா சார்?"

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். கரண்ட் ஏறுவதைக் காதால் கேட்டே சொல்கிற ஆள், 'இன்னொவேஷன்' என்ற வார்த்தைக்கு ஸ்பெல்லிங் தெரியாமல் தோற்கலாமா?

"சோதிச்சதை எங்கேயாவது குறிச்சு வச்சிருக்கீங்களா?"

ஓடிப்போய் வார்னிஷ் கறை படிந்த நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். தேதி, எச்.பி., ஆம்பியர், எரிந்த காரணம்... கடைக்கு வந்த ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு வரி. கேட்கிற ஆராய்ச்சியில் பாதி அதிலேயே இருந்தது.

இன்னொரு டீ சொல்லிவிட்டு, பேனாவைத் திறந்தேன்.

"முதல் பக்கத்திலேர்ந்து படிங்க தம்பி. நான் எழுதறேன்."