குற்றப் பதிவும் தொழில் உரிமையும்

1970ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலுள்ள மிசூரி பசிபிக் புகையிரதக் கம்பனியின் தலைமை அலுவலகத்துக்குக் கறுப்பினத்தவர் ஒருவர் எழுதுவினைஞர் வேலை கேட்டுச் சென்றார். எப்போதாவது குற்றவாளியெனத் தீர்ப்புப் பெற்றதுண்டா என்னும் வினா விண்ணப்பப் பத்திரத்தில் இருந்தது. இராணுவத்திற் சேர மறுத்தமைக்காக 1967இல் குற்றத் தீர்ப்புப் பெற்றதையும், 21 மாதம் சிறையிருந்து அண்மையில் வெளிவந்ததையும் அவர் மறைக்காது எழுதினார். வேலை மறுக்கப்பட்டது. சிறு போக்குவரத்துக் குற்றம் தவிர வேறெக்குற்றத்துக்காயினும் தண்டனை பெற்றவரைச் சேர்ப்பதில்லை என்பது 1948 முதல் அக்கம்பனி கைக்கொண்ட விதி. உண்மையை எழுதியவன் வாயிலிலேயே நிறுத்தப்படுவானாயின், அது பொய் சொல்லப் பழக்கும் பாடமன்றி வேறென்ன?

அவர் நீதிமன்றம் சென்றார். ஆயினும் எந்தச் சட்டத்தைக் காட்டி வழக்காடுவது? தண்டனை பெற்றவருக்கு வேலை மறுத்தல் ஆகாது என்று அந்நாட்டு மத்திய சட்டம் எதுவும் நேராகக் கூறவில்லை. 1964ஆம் ஆண்டின் குடியியல் உரிமைச் சட்டம் இனம், நிறம், மதம், பால், பிறந்த தேசம் ஆகியவற்றைக் காரணமாக்கி வேற்றுமை காட்டுவதையே விலக்கியது. இவ்விடத்தில் துணைக்கு வந்தது, 1971இல் உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில் அளித்த தீர்ப்பாகும். ஒரு விதி எல்லாருக்கும் பொதுவானது போலத் தோன்றினும், நடைமுறையில் ஓர் இனத்தவரைப் பெருமளவில் விலக்குமாயின், அவ்விதி செய்தொழிலுக்கு இன்றியமையாதது எனத் தொழில்தருநர் காட்டல் வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். விதித்தவரின் உள்நோக்கம் நல்லதா தீயதா என்பது அங்கே முடிந்த முடிபன்று, விளைவே நோக்கப்படும்.

புகையிரதக் கம்பனியின் கணக்குகள் ஆராயப்பட்டன. இவ்விதியால் விலக்கப்பட்டோர், கறுப்பின விண்ணப்பதாரிகளுள் நூற்றுக்கு 5 பேருக்கு மேல். வெள்ளையருள் 2 பேருக்குச் சற்றே மேல். செய்த குற்றம் எதுவாயினும், சென்ற காலம் எத்துணையாயினும், ஒருவரை என்றென்றைக்கும் வேலையற்றவராக்கும் விதிக்குத் தொழிற்றேவை எதனையும் காரணமாகக் காட்டவியலாது என மேன்முறையீட்டு நீதிமன்றம் 1975இல் தீர்த்தது. 1977இல் அவ்வழக்கு மீண்டும் வந்தபோது மூன்று அளவுகோல்கள் உறுதிபெற்றன: குற்றத்தின் தன்மையும் கடுமையும், தண்டனை முடிந்து கழிந்த காலம், நாடப்படும் வேலையின் தன்மை. பணங் கையாடியவனைக் காசாளனாக்கத் தயங்குவது நியாயம். அவனையே தோட்டந் துப்புரவாக்கும் வேலைக்கும் ஆகாதென்பது எப்படி நியாயமாகும்? அதேவேளை, சில துறைகளிற் சட்டமே கதவை அடைக்கிறது. நேர்மையீனக் குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டோரை, வைப்புக் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தின் சம்மதமின்றி, வங்கிகள் பொதுவாகச் சேர்த்தல் இயலாது.

கைது வேறு, குற்றத் தீர்ப்பு வேறு என்பதும் கவனிக்கத்தக்கது. கலிபோர்னியாவில் 14 முறை கைதாகியும் பாரதூரமான குற்றமெதற்கும் தண்டிக்கப்படாத தொழிலாளி ஒருவருக்கு, அக்கைதுகளைக் காட்டியே வேலை மறுக்கப்பட்டது. கறுப்பினத்தோர் கூடுதலாகக் கைதுசெய்யப்படும் நாட்டில் இதுவும் இன வேற்றுமையே என 1970இல் நீதிமன்றம் கூறிற்று.

விசாரிக்கும் நேரமும் பின்னர் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. விண்ணப்பப் பத்திரத்தில் 'ஆம்' என்று அடையாளமிடும் சிறு கட்டமே பலரை முதற்படியில் வீழ்த்திவிடுகின்றது. ஆகவே, வேலை தருவதாக நிபந்தனையுடன் கூறிய பின்னரே பழைய குற்றத்தைப் பற்றி வினவலாம் என ஹவாய் மாநிலம் 1998இல் விதித்தது. பிற மாநிலங்கள் பலவும் தத்தம் முறையிற் பின்தொடர்ந்தன. மத்திய அரசாங்க அலுவலகங்களுக்கும் அரசாங்க ஒப்பந்தகாரருக்கும் 2019இல் இயற்றப்பட்ட சட்டம், சில விலக்குகளுடன், 2021 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்தது.

இனி, தகவல் திரட்டும் கம்பனிகளின் செய்தி. 1970இல் இயற்றப்பட்டுப் பின் திருத்தப்பட்ட சட்டமொன்றின்படி, அத்தகைய கம்பனியிடம் அறிக்கை பெறுமுன் தொழில்தருநர் விண்ணப்பதாரிக்குத் தனிப் பத்திரத்தில் அறிவித்து, எழுத்து மூலம் சம்மதம் பெறல் வேண்டும். அறிக்கையைக் கொண்டு வேலை மறுக்க எண்ணினால், மறுக்குமுன்னரே அதன் பிரதியைக் கொடுத்தல் வேண்டும். ஒரே பெயருடைய வேறொருவரின் குற்றம் தம் தலையில் ஏறியிருப்பதை அப்போதாவது ஒருவர் கண்டு திருத்தலாம். தொழில்தருநர் தாமே நீதிமன்றப் பதிவேட்டைப் புரட்டினால் இச்சட்டம் தொடாது. இது சிறிய ஓட்டையன்று.

2025 ஏப்ரிலில் பிறந்த சனாதிபதி ஆணையொன்று, விளைவை மட்டும் நோக்கும் வழக்குகளுக்கு மத்திய அலுவலகங்கள் முதன்மை தரலாகாதெனப் பணித்தது. ஆனால் அக்கொள்கை 1991இலேயே சட்ட ஏட்டில் ஏறிவிட்டமையால், பாதிக்கப்பட்டவர் தாமாக வழக்கிடும் வழி அந்த ஆணையால் அடைபடவில்லை. மாநிலச் சட்டங்களையும் அது தானாக நீக்கிவிடவில்லை. நியூ யோர்க் மாநிலத்தின் 1976ஆம் ஆண்டுச் சட்டம் இனத்தைப் பற்றிய கேள்வியையே எழுப்பாமல், தண்டனை பெற்ற எவருக்கும் பாதுகாப்பளிக்கின்றது. பழைய குற்றத்தால் அங்கு வேலை மறுக்கப்பட்டவர் காரணங் கேட்பாராயின், 30 நாட்களுள் அதனை எழுத்திற் கொடுத்தல் வேண்டும்.