கிணறு மூடித் தரப்படும், இலவசமாக!

வரி எண் 17இல் அது இருந்தது. டைல்ஸ், மோட்டார், நீருக்கடியில் எரியும் விளக்கு, ஏணி என்று பதினாறு வரிகளுக்கும் கறாராக விலை போட்டுக்கொண்டு வந்த கொட்டேஷன், பதினேழாவது வரியில் மட்டும் வள்ளலாகிவிட்டது: ‘தோண்டும் மண்ணைக் கொண்டு பழைய கிணறு மூடித் தரப்படும். கட்டணம் இல்லை.’

ஆலங்குடிப் பக்கம் ஒரு கிராமம். சிங்கப்பூரில் பதினைந்து வருடம் உழைத்துவிட்டுத் திரும்பிய என் மச்சான், கொல்லையில் நீச்சல் குளம் கட்டப்போகிறான். கொட்டேஷனைப் படித்துப் பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தான். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை சொந்தக்காரர்களிடம் மட்டும்தான் இன்னும் மிச்சமிருக்கிறது. அவன் கண் கடைசிப் பக்கத்துத் தொகையில் இருந்தது. “மண்ணள்ளிக் கொட்ட லாரி வாடகை மிச்சம்டா மாப்ள” என்றான்.

குளம் கட்டுவது இப்போது புதுக்கோட்டை மாவட்டத்தில் வியப்பில்லை. திருமயத்தை ஒட்டிய கடியாபட்டியில் பழைய செட்டியார் வீடு விடுதியாகி, நீச்சல் குளமும் வைத்துக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டுப் பணத்தில் எழும் வீடுகளின் வரைபடங்களில் போர்டிகோவுக்கு அடுத்தபடியாக நீலச் செவ்வகம் ஒன்று எட்டிப்பார்க்கத் தொடங்கிவிட்டது. மச்சானுக்கு வந்த வரைபடமும் அப்படித்தான். கரை தெரியாமல் வழியும் தண்ணீர், சாய்வு நாற்காலி, ஓரத்தில் பெயர் தெரியாத பனை வகை. உண்மையில் அந்தக் கொல்லையில் நிற்பவை கஜா புயலுக்குத் தப்பிய ஏழு தென்னைகளும் ஒரு வேம்பும். படத்தில் அவற்றைக் காணோம். சித்திரையில் உதிரும் வேப்பம்பூவையும், ராத்திரியில் விழும் மட்டையையும் எந்த மென்பொருளும் வரைவதில்லை போல.

சரி, கணக்குக்கு வருவோம். 24 அடி நீளம், 12 அடி அகலம், மூன்றடியில் தொடங்கி ஐந்தடி வரை ஆழம். சராசரி நாலடி என்றால் 1,152 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். ஆக 32,600 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரி மூன்று நடை வந்தால் ஒருமுறை நிறையும். ஆனால் நிரப்புவது ஒருநாள் கூத்து. வெயிலில் நாளொன்றுக்கு ஆறு மில்லிமீட்டர் ஆவியானாலும் இந்தப் பரப்புக்கு 160 லிட்டர் போகும். வருடத்துக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேல். அதில் மழை கொஞ்சம் ஈடுகட்டும். ஃபில்டரைக் கழுவிவிட வாரம் ஒருமுறை ‘பேக்வாஷ்’ செய்தால் எண்ணூறு லிட்டராவது சாக்கடைக்குப் போகும்; வருடத்தில் அது நாற்பதாயிரம். கொட்டேஷனில் பதினொரு பக்கம் இருந்தது. தண்ணீர் எங்கிருந்து வரும், எங்கே போகும் என்பதற்கு ஒரு வரி இல்லை.

வற்றாத ஆறென்று ஒன்றுகூட இல்லாத மாவட்டம் இது. வெள்ளாறு, அக்னியாறு, அம்புலியாறு எல்லாம் மழைக்கு மட்டும் வந்துபோகும் விருந்தாளிகள். கல்லணைக் கால்வாய் எட்டிப்பார்ப்பதும் கிழக்கே மும்பாலை ஏரி வரைதான். கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆயிரம் அடி வரை போர் இறங்கிய கதை ஊருக்குத் தெரியும். கஜா அடித்த 2018க்கு அடுத்த வருடம் அங்கேயே இளைஞர்கள் கைக்காசு போட்டுக் குளங்களைத் தூர்வாரினார்கள் என்பதும் தெரியும். அந்த மண்ணில்தான் கிணறு மூடுவது இலவசம்.

கொட்டேஷன் போட்ட இஞ்சினியரிடம் இதைச் சொன்னேன். “சார், நாலைந்து தென்னைமரம் குடிக்கிற தண்ணிதான் வருசத்துக்கு ஆகும். அதுக்குப் போயி…” என்றார். கணக்கு சரிதான், அதில் எனக்கு வழக்கில்லை. குளமே வேண்டாம் என்று சொல்லவும் நான் போகவில்லை. நம்மூர்ப் பையன்கள் நீச்சல் பழகியதே பம்புசெட் தொட்டியிலும் கமலைக் கிணற்றிலும்தானே. ஆனால் தொட்டியில் குதித்தபோது வெளியே தெறித்த தண்ணீர் வாய்க்கால் வழியாக ஏதோ ஒரு பாத்திக்குப் போனது. இந்த நீலக் குளத்துத் தண்ணீருக்குப் போக்கிடமே இல்லை.

அதற்காகக் கட்டுமானத்தைப் பார்க்காமல் விடமுடியுமா? முதலில் மண். ‘மண் தோண்டுதல்’ என்று மொட்டையாக எழுதியிருந்தால் அது எந்த மண் என்று கேட்க வேண்டும். விராலிமலை, இலுப்பூர், குளத்தூர்ப் பக்கம் நாலடியில் பாறை தட்டலாம். அங்கே ஜேசிபி பல்லைக் காட்டிவிட்டுப் போய்விடும், பிரேக்கர் வரவேண்டும், வாடகை மணிக்கணக்கில் ஏறும். ஆலங்குடி, கந்தர்வகோட்டைப் பக்கம் செம்புறாங்கல் பூமி. தோண்டுவது சுலபம், தண்ணீர் இறங்கும் வேகமும் அதிகம், அதனால் ஒரு கீறல் விட்டாலும் குளம் ஓசையில்லாமல் வடிந்துவிடும். மணமேல்குடி போலக் கடலோரமாக இருந்தால் தொல்லை தலைகீழ். ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். கழுவுவதற்காகக் குளத்தைக் காலி செய்தால் கான்கிரீட் பெட்டி படகு மாதிரி மிதந்து எழும்பிவிட வாய்ப்புண்டு. அதைத் தடுக்க அடித்தளத்தில் அழுத்தம் விடும் வால்வு வைக்கவேண்டும். விலையைப் பார்த்தால் சின்னச் சாமான்தான். பெரும்பாலான கொட்டேஷனில் இருக்காது.

பிறகு சுவர். மலிவான கொட்டேஷன் ஒன்றில் தரைக்கு மட்டும் கான்கிரீட், சுவருக்குச் செங்கல். நாலடித் தண்ணீர் பகலிரவாக நெட்டித் தள்ளும்போது செங்கல் சுவரும் கான்கிரீட் தரையும் சேரும் மூலைதான் முதலில் வாய்விடும். தரையும் சுவரும் ஒரே உடம்பாக, இரண்டு அடுக்குக் கம்பி கட்டி, எம்30 தரத்துக்குக் குறையாத கான்கிரீட்டில் வரவேண்டும். தண்ணீர் தாங்கும் கான்கிரீட் கட்டுமானத்துக்கு இந்தியத் தர விதி ஐ.எஸ்.3370. ‘அதன்படி செய்து தருகிறோம்’ என்று எழுத்தில் கேளுங்கள். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் குளத்தை நிரப்பி, ஏழு நாள் விட்டு, மட்டம் இறங்குகிறதா என்று பார்க்கவேண்டும். அந்தச் சோதனைக்குப் பிறகுதான் அடுத்த தவணை என்று எழுதிக்கொள்வது நல்லது. மச்சானின் கொட்டேஷனில் டைல்ஸ் ஏற்றி இறக்கியவுடனே எண்பது சதவீதம் கொடுத்துவிட வேண்டும் என்றிருந்தது.

மோட்டார் 2 ஹெச்.பி. என்றிருந்தது. பெரிய மோட்டார் என்றால் பெரிய மனது என்று மச்சான் மகிழ்ந்துபோயிருந்தான். 32,600 லிட்டரை ஆறு மணி நேரத்தில் ஒரு சுற்று வடிகட்ட மணிக்கு ஐந்தரை ஆயிரம் லிட்டர் போதும்; 1 ஹெச்.பி.யே தாராளம். ஃபில்டருக்கு மிஞ்சிய மோட்டார் வைத்தால் மணலுக்குள் தங்கவேண்டிய அழுக்கையும் சேர்த்துத் திரும்பக் குளத்துக்கே தள்ளிவிடும். கரண்டும் இருக்கிறதே. தினமும் எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் இந்த மோட்டார் மட்டுமே 500 யூனிட்டைத் தாண்டும். 500ஐத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுக்கும் கட்டணம் ஏறுகிற கதை வீட்டில் கரண்ட் பில் கட்டுகிறவர்களுக்குத் தெரியாததல்ல. கரை வழியும் டிசைனுக்கு வழிகிற தண்ணீரைப் பிடிக்கத் தனியாக ஒரு தொட்டி, அதற்கும் தண்ணீர், அதற்கும் ஆவி. மேலே மிதக்கும் அழுக்கை இழுக்கும் சாதாரண ஸ்கிம்மர் போதும் என்றேன். ஃபோட்டோவில் நன்றாக இருக்காதே என்றான்.

குளோரின் வாங்கி மாளாது என்று உப்பு இயந்திரம் வைக்கச் சொல்லியிருந்தார்கள். உப்பிலிருந்து குளோரினை அதுவே பிரித்துக்கொள்ளும். கண் எரிச்சல் குறைவு. இந்தக் குளத்துக்கு நூறு கிலோவுக்கு மேல் உப்பு கரைக்கவேண்டும். அப்புறம் பேக்வாஷ் தண்ணீரைத் தென்னைக்கோ மல்லிகைக்கோ விடமுடியாது. வாரம் எண்ணூறு லிட்டர் உப்புத் தண்ணீர் செம்மண்ணில் இறங்கினால் நாலு வருடத்தில் கொல்லை என்னாகும் என்று விளக்கத் தேவையில்லை. சாதாரண குளோரின் என்றால், இரண்டு மூன்று நாள் திறந்த தொட்டியில் வெயிலில் விட்டு வீரியம் இறங்கியபின் மரங்களுக்குப் பாய்ச்சலாம். போர் தண்ணீரைச் சோதித்தீர்களா என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. தண்ணீரில் இரும்பு இருந்தால் குளோரின் போட்ட மறுநாள் குளம் கட்டஞ்சாயா நிறத்துக்கு வந்துவிடும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நான் மறுபடி பதினேழாவது வரிக்கே வந்தேன். மச்சானுக்குச் சலிப்பு தட்டிவிட்டது. “அது தண்ணி வத்திப் பத்து வருசமாச்சு. பாம்பு குடியிருக்குடா.”

கயிறு விட்டுப் பார்த்தோம். விட்டம் பதினைந்தடி, ஆழம் முப்பதடி. பேனா எடுத்து அங்கேயே பெருக்கினேன்: 5,300 கன அடி, நூறு கன அடி ஒரு யூனிட் என்ற மண் கணக்கில் 53. குளத்துக்கு வேலையாள் நிற்கும் இடமும் சேர்த்துத் தோண்டினாலும் வருவது 25 யூனிட் சொச்சம். உதிர்ந்து பொங்கினாலும் முப்பத்திரண்டு தாண்டாது. அந்த மண் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றுவிடும். மீதிக்கு என்ன போடுவீர்கள் என்று கேட்டால், “பழைய சுவரை இடிக்கிறோம்ல, அந்த ரப்பீஷ்” என்றார் இஞ்சினியர்.

அந்த ரப்பீஷ் பல வருடம் அமுங்கிக்கொண்டேயிருக்கும். வரைபடத்தில் குளத்தின் ஐந்தடி ஆழ முனை கிணற்றின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஒரு மூலை கெட்டியான செம்புறாங்கல்லில், அடுத்த மூலை அமுங்கும் குப்பையில். கான்கிரீட் எத்தனை நல்லதாக இருந்தாலும் அந்தக் கோட்டில் விரிசல் விடத்தான் பார்க்கும். கட்டுமானக் காரணம் ஒன்று போதும், அந்த வரியை அடித்துவிட.

எனக்கு உறுத்தியது அதுவல்ல. 5,300 கன அடி என்றால் ஒன்றரை லட்சம் லிட்டர். புதிதாகக் கட்டப்போவதைப் போல நாலரைக் குளம் கொள்ளும் குழியை, யாரோ ஒரு தாத்தா மண்வெட்டியும் கூடையும் கொண்டு இறக்கியதை, ஒரு குளத்துக்காக மூடப்போகிறோம். வீட்டு மாடி 1,500 சதுர அடி. மாவட்டத்தில் வருடத்துக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை. வழியில் போவது போக மாடியிலிருந்து மட்டும் ஒரு லட்சம் லிட்டர் கிடைக்கும். குளம் வருடம் முழுக்கக் குடிப்பதைவிட அது அதிகம். 2003இல் தமிழ்நாடு முழுவதும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது இந்த வீட்டிலும் ஒரு பைப் போட்டார்கள். அது இப்போது வாசல் சிமெண்ட் தரையில் முடிகிறது. அதை நாற்பதடி நீட்டி, நடுவில் ஒரு மணல், ஜல்லித் தொட்டி வைத்துக் கிணற்றில் விட்டால், பாம்பு வேறு வீடு பார்த்துக்கொள்ளும்.

ராயவரத்திலோ கடியாபட்டியிலோ பழைய வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். நாலு பக்கக் கூரையும் வளவுக்குள் சாய்ந்திருக்கும். முற்றத்து மழையை அண்டாவில் பிடித்ததுபோக மிச்சம் கல் வடிகால் வழியாகத் தெருவுக்கும், தெருவிலிருந்து ஊருணிக்கும் போகும். பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் இறக்கியவர்கள்தான். பகட்டுக்குக் குறைச்சல் வைக்கவில்லை. ஆனாலும் கூரைத் தண்ணீருக்குக் கணக்கு வைத்திருந்தார்கள்.

சாயங்காலம் இஞ்சினியர் வரைபடத்தை விரித்துக் குளத்தைப் பதினெட்டடி கிழக்கே தள்ளிப் போட்டுப் பார்த்தார். வேம்பிலிருந்தும் அது விலகியது. கிணற்றின் மேல் இரும்பு வலை, சுற்றி மூன்றடி கைப்பிடிச் சுவர், மாடிப் பைப் நீட்டிப்பு, பேக்வாஷுக்கு ஒரு சின்னத் தொட்டி. “அப்ப மண்ணை எங்க சார் கொட்டுறது?” என்றார். முப்பத்திரண்டு யூனிட், மூன்று யூனிட் டிப்பரில் பதினொரு நடை. மச்சான் முகம் மாறியது. மோட்டாரை 1 ஹெச்.பி. ஆக்கி, கரை வழிவதை விட்டுவிட்டால் டிப்பர் வாடகை வந்துவிடுமே என்று நான் கூட்டிக் காட்டினேன். யோசித்துச் சொல்கிறேன் என்றான்.

அதற்குள் மச்சானின் அப்பத்தா வெற்றிலைப் பையோடு வந்து வரைபடத்தைக் குனிந்து பார்த்தது. நீலச் செவ்வகத்தின் மேல் விரலை வைத்து, “இது நெறஞ்சா எந்தப் பக்கம் ஓடும்?” என்று கேட்டது.

இஞ்சினியர் பென்சிலை எடுத்துக் குளத்திலிருந்து தென்னைக்கு ஒரு கோடு இழுத்தார். அதற்கு இன்னும் விலை போடவில்லை.