நட்சத்திரங்களை எண்ணினால் போதுமா?

வரதராஜன்பேட்டைக்காரர் மிக்சி வாங்கக் கடைக்குப் போனால் ஜாரைத் திறந்து பார்ப்பார், ஓடவிட்டுக் கேட்பார், விலையையும் குறைத்துக் கேட்பார். இணையக் கடையில் அவருக்குக் கிடைப்பது முன்பின் தெரியாதவர்கள் போட்ட நட்சத்திரங்கள்தான். ஆகவே கடைகளை மதிப்பிடும் தளம் பளபளப்பாக இருப்பதைவிட, எழுதியவர் உண்மையில் வாங்கியவரா என்று காட்டுவதே முக்கியம். சராசரியும் ஏமாற்றும். நூறு பேரில் 80 பேர் ஐந்து நட்சத்திரமும் 20 பேர் ஒரு நட்சத்திரமும் கொடுத்தால் சராசரி 4.2, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஐந்தில் ஒருவர் நொந்துபோனது அதில் தெரியாது. எனவே எந்த மதிப்பெண்ணை எத்தனை பேர், எப்போது கொடுத்தார்கள் என்பது முதல் பார்வையிலேயே, கைபேசித் திரையில், நல்ல தமிழில் தெரிய வேண்டும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் வெளியிட்ட ஐஎஸ் 19000 தரநிலை, கருத்து எழுதுபவரை மின்னஞ்சல், தொலைபேசி போன்ற வழிகளில் சரிபார்க்கச் சொல்கிறது. அடையாளம் கேட்டால் குறை சொல்ல யார் வருவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் தளத்துக்கு ஆளைத் தெரிந்தால் போதும், ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. தனிவிவரங்களைக் காப்பதும் தள நிர்வாகியின் பொறுப்பு என்கிறது அதே தரநிலை. அதன் பலவீனம் வேறு: அது கட்டாயமாக அல்ல, விருப்பத் தரநிலையாகவே வந்தது. விற்பவரே வாங்கியவர்போல் வேடமிட்டு எழுதுவதை 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் தடுக்கின்றன. ஆனால் பெரும்பாலும் புகார் வந்தால்தான் விதி அசையும். ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.